கைலி என்ன பாவம் செய்தது?

2014-ம் வருஷம் ஜூலை மாதம் 11-ந் தேதி சேப்பாக்கத்தில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. புத்தகம் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவருடையது. இடம், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப். விழாவுக்கு வந்தவர்களில் ஒருவர், அப்போது சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்த டி. அரிபரந்தாமன். வேட்டியும் சட்டையும் அணிந்து வந்தார். வேட்டிக்கு உள்ளே இடமில்லை என்று கிளப் சிப்பந்திகள் சொல்லிவிட்டார்கள். வேட்டி கட்டி வந்த வக்கீல்கள் இருவருக்கும் அதே உபசாரந்தான் நடந்தது. நாட்டின் சட்டத்துக்குப் பொருள் சொல்லும் பதவியில் இருந்தவர், ஒரு கிளப்பின் சட்டத்துக்கு எதிரே ஒன்றும் செய்ய முடியாமல் திரும்பிப் போனார்.

பிறகு நடந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். பத்திரிகைகள் கொதித்தன. ஒன்றோடொன்று பேசாத கட்சிகளெல்லாம் இந்த ஒரு விஷயத்தில் ஒரே குரலில் பேசின. இது உடை விஷயத்தில் நடக்கும் எதேச்சாதிகாரம் என்று முதலமைச்சர் ஜெயலலிதா சட்டசபையில் கண்டித்தார். அடுத்த மாதமே சட்டம் வந்துவிட்டது. தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டியையோ, இந்தியாவின் வேறு பாரம்பரிய உடையையோ அணிந்து வருகிறவரைப் பொது இடத்தில் அனுமதிக்க மறுத்தால் ஒரு வருஷம் வரை சிறை, இருபத்தையாயிரம் ரூபாய் வரை அபராதம். கிளப்பின் லைசென்ஸும் போகலாம். ஒரு சர்க்கார் ஒரு துணிக்காக இவ்வளவு வேகமாக எழுந்தது இந்த ராஜ்யத்தில் அபூர்வம்.

நல்ல காரியம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நல்ல காரியந்தான். ஆனால் அது பாதிக் காரியம். மீதிப் பாதி அப்படியே கிடக்கிறது என்பதோடு நில்லாமல், செய்து முடித்த பாதியே மீதிப் பாதிக்குக் கேடாகவும் ஆகிவிட்டது என்பது என் கட்சி. வாசலில் நின்று மனிதனை மேலும் கீழும் பார்த்து, அவன் இடுப்புத் துணியைக் கொண்டு அவனை நிறுக்கிறானே ஒருவன், அவனை அந்தச் சட்டம் வேலையை விட்டு நீக்கவில்லை. அவன் கையில் உள்ள பட்டியலில் ‘வேட்டி’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, “இனிமேல் இதையும் பார்த்து உள்ளே விடு” என்று தட்டிக் கொடுத்துவிட்டுப் போனது. பட்டியல் இருக்கிறது. பார்க்கிறவன் இருக்கிறான். பட்டியலில் சேராத துணியும் இருக்கிறது. அது கைலி, சென்னைப் பாஷையில் லுங்கி.

நீதிபதிக்குப் பதிலாக அன்று சேப்பாக்கத்துக்கு ஒரு கைலி போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? பத்திரிகையில் ஒரு வரி வந்திருக்குமா? சட்டசபையில் ஒருவர் எழுந்திருப்பாரா? கைலியும் இந்தியாவின் பாரம்பரிய உடைதானே, சட்டத்தின் சொற்களில் அதுவும் அடங்கும் என்று ஒரு கெட்டிக்கார வக்கீல் வாதாடலாம். வாதாடட்டும். ஆனால் கைலி கட்டுகிறவன் அந்தக் கெட்டிக்கார வக்கீலுக்குப் பீஸ் கொடுக்கும் நிலையில் இருப்பதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் பட்டணமே துணிக்காகப் பிறந்த பட்டணம். 1639-ல் பிரான்சிஸ் டே என்னும் கம்பெனி உத்தியோகஸ்தர் இந்த மணல் மேட்டைத் தேடிப் பிடித்தது கடற்கரைக் காற்றுக்காக அல்ல. இங்கே துணி மற்ற இடங்களை விட மலிவு என்பது அவர் கணக்கு. கோட்டை கட்டியதும் துணிக் கிடங்குக்காகத்தான். துறைமுகமே இல்லாத கரையில், அலைக்கு நடுவே படகில் ஏற்றி இறக்கிக் கஷ்டப்பட்டதும் துணிக்காகத்தான். 1734-ல் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியேற்றுவதற்கென்றே சிந்தாதிரிப்பேட்டையை உண்டாக்கினார்கள். கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல், 1718-ல் அமெரிக்காவில் இருந்த ஒரு சின்னக் கலாசாலைக்கு அனுப்பிய சாமான்களில் துணி மூட்டைகளும் இருந்தன. அந்தத் துணியை விற்ற பணத்தில் எழுந்த கலாசாலைதான் இன்று யேல் சர்வகலாசாலை.

அந்த அமெரிக்கக் கதை அதோடு முடியவில்லை. கட்டம் போட்ட நம் கைத்தறித் துணிக்கு உலகத்துக் கடைகளில் ‘மெட்ராஸ்’ என்றே பெயர். 1958-ல் நியூயார்க் வியாபாரி ஒருவர் இங்கே வந்து, கிருஷ்ணன் நாயர் என்னும் ஏற்றுமதிக்காரரிடம் அந்தத் துணியை வாங்கிப் போய், புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய கடைக்கு விற்றார். வெளுக்கப் போட்டால் சாயம் போகும். ஜாக்கிரதையாக அலச வேண்டும் என்று நாயர் எச்சரித்திருந்தாராம். அந்த எச்சரிக்கை வாங்கியவர்கள் காதுக்குப் போகவில்லை. சாயம் ஓடியது, சண்டை வந்தது. ஆனால் அமெரிக்க வியாபாரிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? சாயம் போவதே இந்தத் துணியின் மகிமை, ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புது அழகு என்று விளம்பரம் செய்தார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அதில் சட்டை தைத்துக் கொண்டார்கள், கோட்டு தைத்துக் கொண்டார்கள், அரைக்கால் சட்டையும் தைத்துக் கொண்டு கோல்ப் ஆடுகிற கிளப்புகளில் உலாவினார்கள். இன்றும் உலாவுகிறார்கள்.

சென்னைக் கட்டத் துணி, கத்தரிக்கோல் பட்டு அமெரிக்கக் கிளப்பில் நுழைந்தால் நாகரிகம். அதே கட்டத் துணி, கத்தரிக்கோல் படாமல், இரண்டு ஓரமும் சேர்த்து மூட்டி, சென்னைவாசியின் இடுப்பில் ஏறிச் சென்னைக் கிளப்பில் நுழைய முயன்றால் அநாகரிகம். துணியில் குற்றம் இருந்தால் அங்கேயும் அல்லவா இருக்க வேண்டும்?

கடல் தாண்டிக் கிழக்கே போனால் இன்னும் வெட்கம். மலேயாவில் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட கைலிக்கு ‘காயின் பெலிக்கட்’ என்று பெயர். பெலிக்கட் என்பது வேறு ஒன்றும் இல்லை, நமது பழவேற்காடுதான். அங்கிருந்து கப்பலேறிப் போன துணி ஊரின் பெயரையும் எடுத்துக் கொண்டு போய்விட்டது. அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு அவர்கள் மசூதிக்குப் போய்த் தொழுகிறார்கள். பர்மாவில் மந்திரியும் கைலிதான், குமாஸ்தாவும் கைலிதான். இந்தோனேஷியாவில் 2019 முதல் 2024 வரை உபஜனாதிபதியாக இருந்த மாருஃப் அமீன் பதவிப் பிரமாணம் எடுத்துக் கொண்டதே கைலியில்தான். மேலே கோட்டு, கீழே கைலி. அந்த நாட்டு மானம் அதனால் கப்பலேறியதாகத் தகவல் இல்லை.

“அவர்கள் வழக்கம் அவர்களுக்கு, நமக்கு வேட்டிதானே பண்பாடு?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பண்பாட்டையுந்தான் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம்.

மயிலாப்பூர் லஸ் பக்கத்துப் பெரிய பங்களாக்களில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியிருந்த வக்கீல்களின் படங்களை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். இடுப்பில் பஞ்சகச்சம், மேலே மூடிய கோட்டு, தோளில் சரிகை அங்கவஸ்திரம், தலையில் தலைப்பாகை. மேல் பாதி சீமைக்கு, கீழ்ப் பாதி சாஸ்திரத்துக்கு. அந்த ஹைகோர்ட்டிலேயே இந்தியரில் முதல்முதலாக நீதிபதியான முத்துஸ்வாமி ஐயரின் சிலை இருக்கிறது. தலைப்பாகை அணிந்து, வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறார். வெறுங்கால் என்பதும் அந்தக் காலத்தில் லேசான சங்கதி அல்ல. சீமைப் பூட்ஸ் போட்ட இந்தியர் சர்க்கார் தர்பாருக்குள் பூட்ஸோடு வரலாம், நாட்டுச் செருப்புப் போட்டவர் வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும் என்று வெள்ளைக்காரச் சர்க்கார் 1860-களில் தீர்மானம் எழுதி வைத்திருந்தது. தோலில் வித்தியாசமில்லை, எந்த ஊர்ச் சக்கிலியர் தைத்தது என்பதில்தான் வித்தியாசம்.

தலைப்பாகை பிறகு என்ன ஆயிற்று? இதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. வக்கீல்கள் ஒவ்வொருவராக அதைக் கழற்றி வைத்தார்கள். இன்று அதைப் பார்க்க வேண்டுமானால் பெரிய ஹோட்டல் வாசலுக்குப் போக வேண்டும். முறுக்கிய மீசை, விசிறி மடிப்புத் தலைப்பாகை, இடுப்பில் பட்டை. சமஸ்தானாதிபதி போல ஒருவர் நின்று கார்க் கதவைத் திறந்துவிடுகிறார். துரைகள் செய்த தந்திரம் இது. யாரை இறக்க வேண்டுமோ, அவன் தலையில் இருந்ததை எடுத்துத் தம் வேலைக்காரன் தலையில் வைத்தார்கள். துரைகள் போய்விட்டார்கள், வேலைக்காரன் தலையில் வைத்தது மட்டும் இறங்கவில்லை. நம் தாத்தாவின் உடையை அணிந்தவன் கதவைத் திறக்க, துரையின் உடையை அணிந்தவன் உள்ளே போகிறான். இதற்கு ஒருவரும் போராட்டம் நடத்தவில்லை!

கிளப்புகளும் அந்த ரகந்தான். 1832-ல் ஏற்பட்ட மெட்ராஸ் கிளப்பில் இந்தியருக்கு இடம் கிடையாது. சுதந்திரக் கொடி ஏறி வெகு காலம் வரை கிடையாது. பிற்பாடு 1963-ல் அது அடையாறு கிளப்போடு சேர்ந்து அடையாற்றங்கரைக்குப் போயிற்று. வெள்ளைக்காரர் எழுந்த நாற்காலியில் நம்மவர் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் நாற்காலியோடு விதிப் புத்தகத்தையும் வாங்கிக் கொண்டார்கள். பம்பாயில் 1988-ல் வில்லிங்டன் கிளப்பில் ஓவியர் ஹுசேனை வெறுங்காலுக்காக வெளியே அனுப்பினார்களே, அந்த வீரம் இந்த வாரிசுரிமையில் வந்தது. தனியார் கிளப், உறுப்பினர் விருப்பம் என்று சமாதானம் சொல்வார்கள். தனியார் என்றால் தனியாராக இருக்க வேண்டும். விழாவுக்கு மண்டபத்தை விட்டு, ஊரைக் கூப்பிடச் செய்துவிட்டு, வந்தவன் இடுப்பைப் பார்ப்பது தனியார் காரியம் ஆகாது.

ஆனால் துரையையும் கிளப்பையும் மட்டும் திட்டிக் கொண்டிருந்தால் நமக்கு மிகவும் சௌகரியம். அதனால்தான் 2014-ல் எல்லாரும் சேர்ந்து திட்டினோம். கிராமத்துப் பக்கம் திரும்பினால் சௌகரியம் போய்விடும்.

1930-ம் வருஷம் டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் மேல் சாதியார் ஒரு பிரிவினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். இது கதை அல்ல. ஹட்டன் என்னும் ஆங்கில அதிகாரி சாதியைப் பற்றி எழுதிய புத்தகத்தில் பதிவாகி இருக்கிறது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டோ சட்டையோ பனியனோ போடக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மார்பை மறைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, தலைமயிரைக் கிராப்பு வெட்டிக் கொள்ளக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அடுத்த வருஷம் எட்டு, பதினொன்றாயிற்று. இதற்கும் முன்னால், தெற்குத் திருவிதாங்கூரில் தோள்சீலை போடும் உரிமைக்காக நாடார் பெண்கள் பட்ட பாட்டையும், 1859-ல் மகாராஜா அதற்கு இறங்கி வந்ததையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் படித்திருப்பார்கள்.

கணுக்கால் வரை தழையத் தழையக் கட்டிய வெள்ளை வேட்டி ‘தமிழ்ப் பண்பாடு’ என்று சட்டம் சொல்கிறது. யாருடைய பண்பாடு? தொண்ணூறு சொச்சம் வருஷங்களுக்கு முன்னால் அதே வேட்டியை முழங்காலுக்குக் கீழே இறக்கியதற்காகக் குடிசையை இழந்தவனும் தமிழன்தான். எரித்தவனும் தமிழன்தான். இப்போதும் கிராமத்துத் தெருவில், வேட்டியோ கைலியோ மடித்துக் கட்டி நடந்து வருகிறவனின் கையைக் கவனித்துப் பாருங்கள். எதிரே ‘பெரிய மனிதர்’ வந்தால் அந்தக் கை தானாகப் போய் மடிப்பை அவிழ்த்துக் கீழே இறக்கிவிடும். வாய் ஒன்றும் சொல்லாது. மடித்துக் கட்டுவதும் இறக்கிவிடுவதும் நம்மிடையே ஒரு முழு பாஷை. யார் யாருக்கு அடங்கியவன் என்பதை அதில் அரை விநாடியில் பேசிவிடலாம். அம்பேத்கர் ஏன் கோட்டும் சூட்டும் டையுமாகவே படங்களில் நிற்கிறார் என்று கேலி செய்கிறவர்களுக்கு இந்தப் பாஷை தெரியாது. தாழ்ந்து நில் என்று ஒரு துணி சொன்னால், அதைக் கழற்றி எறிந்துவிட்டு நிமிர்ந்து நிற்கிற துணியைப் போட்டுக் கொள்ளத்தான் மனிதன் விரும்புவான். அவனிடம் போய் வேட்டியின் புனிதத்தைப் பேசுகிறவனுக்கு நாக்குக் கூச வேண்டும்.

காந்தி இதைப் புரிந்து கொண்ட விதம் வேறு. 1921 செப்டம்பரில் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் போகும்போது, கதர் கட்டுங்கள் என்று சொன்னால், வாங்கப் பணமில்லையே என்று ஜனங்கள் சொன்னார்கள். 22-ந் தேதி மதுரையில் மேல் சட்டையையும் நீண்ட வேட்டியையும் விட்டுவிட்டு அரைத் துணியோடு வெளியே வந்தார். பத்து வருஷம் கழித்து அதே அரைத் துணியோடு லண்டனில் சக்கரவர்த்தியின் மாளிகைக்கும் போய்வந்தார். ஏழைக்கு எந்தத் துணி கிடைக்கிறதோ அந்தத் துணியோடு எந்த வாசலிலும் நுழைவேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். அவர் படத்தைச் சுவரில் மாட்டிய கட்டடங்களில் அவருடைய உடையில் இன்று ஒருவர் போய் நின்றால் செக்யூரிட்டி முதலில் கேட்கும் கேள்வி, “யோவ், எங்கேய்யா போறே?” என்பதாகத்தான் இருக்கும்.

இன்று நம் ஊரில் ஏழைக்குக் கிடைக்கும் துணி கைலி. வெள்ளை வேட்டி ஏழையின் உடை அல்ல என்பதைத் தியாகராய நகர் கடைகளில் அரை மணி நேரம் நின்றால் தெரிந்து கொள்ளலாம். சலவைக்காரனும் இஸ்திரிப் பெட்டியும் உள்ளவனுக்குத்தான் வெள்ளை. கல்யாணத்துக்கும் ஓட்டுக் கேட்பதற்கும் வெள்ளை. அதிலே கட்சிக் கரை போட்டுவிட்டால் போலீஸ் ஸ்டேஷன் முதல் தாலுகா ஆபீஸ் வரை எல்லாக் கதவும் தானே திறக்கும். அதற்குச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. மூட்டை தூக்குகிறவன், மீன்பாடி வண்டி ஓட்டுகிறவன், கொத்துவேலைக்காரன், இவர்கள் வெள்ளை கட்டினால் காலை பத்து மணிக்கு அது என்ன நிறத்தில் இருக்கும்? அழுக்குத் தெரியாத கட்டம், மடித்துக் கட்டிக் குனிந்து நிமிர வசதி, ராத்திரி போர்த்திக் கொள்ளலாம், கிழிந்தால் தொட்டிலாகும். நொச்சிக்குப்பத்து மீனவர் கைலியில்தான் கட்டுமரத்துக்கும் படகுக்கும் போகிறார். அவர் பிடித்து வந்த வஞ்சிரம் எந்தக் கிளப்பின் சாப்பாட்டு மேஜைக்கும் போகலாம். அவர் போக முடியாது.

“கைலி வீட்டு உடை ஐயா, வெளியே வர உடை இருக்கிறதே” என்று நயமாகச் சொல்வார்கள். வீடு என்று ஒன்று தனியாகவும் வெளி என்று ஒன்று தனியாகவும் யாருக்கு இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டாமா? பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருக்கும் குடும்பத்துக்குத் தெருதான் கூடம், தெருக் குழாய்தான் சமையலறையின் ஓரம். மயிலாப்பூர்ச் சந்துகளில் காலை நேரத்தில் தண்ணீர் லாரி வந்து நிற்கும்போது பிளாஸ்டிக் குடங்களோடு ஓடிவரும் பெண்கள் நைட்டி அணிந்திருக்கிறார்கள். மேலே ஒரு துண்டு. இந்த நைட்டியைப் பற்றிக் கேலி பேசாத ஆண்பிள்ளை இந்த ஊரில் குறைவு. ஆந்திராவில் மேற்கு கோதாவரி ஜில்லாவில் ஒரு கிராமம், பகலில் நைட்டி அணிந்து வெளியே வந்தால் இரண்டாயிரம் ரூபாய் அபராதம், காட்டிக் கொடுத்தால் ஆயிரம் ரூபாய் இனாம் என்று 2018-ல் உத்தரவே போட்டது. ஆறு கெஜச் சேலையை ஈரத்தில் இழுத்துக் கொண்டு நாலு மாடி ஏறிக் குடம் சுமந்து பார்க்கட்டும் அந்தப் பெரியவர்கள்; பிறகு அபராதம் போடட்டும். நைட்டியின் மேல் போட்டுக் கொள்கிறார்களே அந்தத் துண்டு, அது குளிருக்காகவா? தெருவில் நிற்கும் கண்களுக்காக.

சேலையின் பெருமை பேசும் கடைகளையும் எட்டிப் பார்க்கலாம். உஸ்மான் ரோட்டிலும் ரங்கநாதன் தெருவிலும் மாடி மாடியாகச் சேலைக் கடைகள். விற்கிற பெண்களும் சேலைதான். எல்லாருக்கும் ஒரே நிறம், ஒரே கரை. லட்ச ரூபாய்ப் பட்டை விரித்து விரித்துக் காட்டுகிற அந்தப் பெண்கள் காலை முதல் இரவு வரை உட்காராமல் நின்றார்கள். வேலை செய்கிறவர் உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று இந்த ராஜ்யத்தில் 2021-ல் சட்டம் போட வேண்டியிருந்தது! வேட்டிக்கு ஒரு மாதத்தில் சட்டம் வந்தது. அந்தக் கால்களுக்குச் சட்டம் வர, சுதந்திரம் வந்து எழுபத்துநாலு வருஷம் பிடித்தது. கட்டுகிற துணிக்கும் கட்டியிருக்கிற ஆளுக்கும் நாம் கொடுக்கிற விலை இதுதான்.

வாசலில் அளக்கும் வியாதி கிளப்போடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. வேட்டிக்காகச் சட்டம் வந்து ஒன்றரை வருஷங்கூட ஆகவில்லை. 2015 நவம்பரில் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் தனி நீதிபதி ஒருவர், கோயிலுக்கு வருகிறவர்கள் இன்ன உடைதான் அணிய வேண்டும் என்று உத்தரவிட்டார். 2016 ஜனவரி முதல் தேதி கோயில் வாசல்களில் பலகை தொங்கியது. ஜீன்ஸ் கூடாது, லெக்கிங்ஸ் கூடாது, பெர்முடா கூடாது. கூடவே நம்முடைய ஏழைக் கைலியும் கூடாது. கிளப்பில் சீமைத்தனம் போதாது என்று வெளியே நிறுத்துகிறார்கள், கோயிலில் சுதேசித்தனம் போதாது என்று வெளியே நிறுத்துகிறார்கள். இரண்டு வாசலிலும் வெளியே நிற்பவன் ஒரே ஆள்! அந்த மாதமே டிவிஷன் பெஞ்ச் அந்த உத்தரவுக்குத் தடை கொடுத்தது என்பது ஒரு ஆறுதல். இறைவன் முன்னால் கண்ணியம் வேண்டாமா என்றால், திகம்பரனாகப் பிச்சைக்குப் போன கோலத்திலும் சிவனைச் சிலை வடித்துக் கும்பிடுகிற நாடு இது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

2019-ல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கும் ஒரு உத்தரவு வந்தது: சேலை, துப்பட்டாவோடு சுடிதார், கால்சட்டை, அல்லது தமிழ்ப் பண்பாட்டு வேட்டி. பாருங்கள், 2014-ல் உரிமையாக வந்த வேட்டி ஐந்து வருஷத்தில் விதியின் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டது. பட்டியலுக்குள் போன எந்தத் துணிக்கும் இதுதான் கதி. முன்பு வெளியே நின்றது, இப்போது உள்ளே நின்று அடுத்தவனைத் தடுக்கிறது.

பக்கத்து ராஜ்யத்தில் நடந்ததை வைத்து யோசித்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 2024 பிப்ரவரியில் பெங்களூர் மெட்ரோ ரயில் ஸ்டேஷனில், கையில் டிக்கெட்டும் தலையில் மூட்டையுமாக வந்த கிழவர் ஒருவரை, உடை அழுக்கு என்று உள்ளே விடவில்லை. ஸ்டேஷனின் பெயர் ராஜாஜி நகர்! கதரைத் தவிர வேறு துணி கட்டாத மனிதரின் பெயர். ஜூலையில் அதே ஊரில் ஒரு மாலில், வேட்டி கட்டி வந்த விவசாயியை மகனோடு சினிமாவுக்குப் போக விடாமல் நிறுத்தினார்கள்; சர்க்கார் அந்த மாலை ஒரு வாரம் மூடி வைத்தது. நம் கோயம்பேட்டிலும் 2023 மார்ச்சில், டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை ஒரு தியேட்டர் வாசலில் நிறுத்திய காட்சியை ஊரே பார்த்தது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருந்ததால்தான் என்றார்கள் தியேட்டர்காரர்கள். மற்றவர்கள் குழந்தைகளோடு வந்தால் அந்த விதி எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது என்பது சினிமாவுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

மெட்ரோ ஸ்டேஷன் விவகாரத்தில் தண்டனை யாருக்குக் கிடைத்தது? வாசலில் இருந்த செக்யூரிட்டி மேற்பார்வையாளருக்கு. வேலை போயிற்று. சமாசாரம் முடிந்தது, ஊர் கைதட்டியது. அந்த மேற்பார்வையாளர் அந்த விதியைத் தாமே கண்டுபிடித்தாரா? வாசலில் நிற்கும் காவலாளி பன்னிரண்டு மணி நேரம் அடுத்தவன் கொடுத்த சட்டையில் வேகிறவன். வேலை முடிந்து அதைக் கழற்றி ஆணியில் மாட்டினால் அவனும் கைலிதான் கட்டுகிறான். தன் வீட்டு உடையைத் தானே வாசலில் நிறுத்தச் சொல்லி அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அவன் பார்வையில் இருக்கிற ஏளனம் அவன் சொத்து அல்ல. யூனிபாரத்தோடு சேர்த்துக் கொடுத்தது.

ஆகையால், சட்டத்தைத் திருத்துவது பற்றி எனக்கு இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. ‘தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டி’ என்ற சொற்களை எடுத்துவிட வேண்டும். உடுத்தியிருக்கிற எவரையும், உடையைக் காரணம் காட்டிப் பொது இடத்தில் தடுக்கக் கூடாது என்று ஒரு வரி போதும். கைலி, நைட்டி, ஜீன்ஸ், அரைக்கால் சட்டை எல்லாம் அதில் அடங்கும், வேட்டியும் அடங்கும். தீ அருகிலும் இயந்திரத்தின் அருகிலும் வேலை செய்கிறவருக்கு உடை விதி வேண்டியதுதான். அது உயிரைக் காப்பதற்கு, கௌரவத்தைக் காப்பதற்கு அல்ல.

இரண்டாவது, அதுவரைக்கும் ஒரு சின்ன ஏற்பாடு. உடை விதி வைத்திருக்கிற கிளப்பானாலும், மாலானாலும், கோயிலானாலும், அந்த விதியைப் பெரிய தமிழ் எழுத்தில் பலகையில் எழுதி வாசலில் மாட்ட வேண்டும். அதன் அடியில் விதியை எழுதிய செயலாளர், டைரக்டர், தர்மகர்த்தா எல்லாருடைய பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும். கைலி கட்டி வருகிறவன் அந்தப் பெயர்களைப் படித்துவிட்டுத் திரும்பட்டும். காவலாளியின் முகத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டாம்.